சாவி எங்களிடம் இருக்கட்டும்: கடவு எண் மறந்தோரின் கோரிக்கைச் சாசனம்

முகவுரை

எச்.எம்.டி. ஜனதா கட்டிய தலைமுறை காலையில் எழுந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது. மறந்தால் கடிகாரம் நிற்கும். வானொலியில் நேரம் கேட்டு, முள்ளைத் திருப்பி வைத்து, மறுபடி சாவி கொடுத்தால் ஓடும். மறதிக்கு அவ்வளவுதான் தண்டனை. இன்று மணிக்கட்டில் இருக்கும் கடிகாரமோ நம்மிடம் சாவி கேட்கிறது. நான்கு இலக்கச் சாவி. அதை மறந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தாக வேண்டும். அழித்த பிறகும் அது நம்முடையது என்று ஒப்புக்கொள்ளாமல் அடம்பிடிப்பதும் உண்டு.

இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும் நாங்கள் பல தரப்பினர். சொந்தக் காசில் ஸ்மார்ட்வாட்ச் வாங்கியவர்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததைக் கட்டிக்கொண்ட பெற்றோர். வெளியூரில் இருந்துகொண்டு அப்பாவின் இதயத்துடிப்பைக் கைபேசியில் பார்த்து நிம்மதியடைந்த பிள்ளைகள். பூட்டிக்கொண்ட கடிகாரத்தோடு கடை வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன பழுதுபார்ப்போர். எங்கள் கோரிக்கையின் சாரம் ஒரு வரிதான்: பூட்டு திருடனைத் தடுக்கட்டும், உரிமையாளரைத் தெருவில் நிறுத்த வேண்டாம்.

எங்களில் ஒருவர் வீட்டில் நடந்தது

திருச்சி உறையூரில் ஒரு தந்தை. வயது 72. இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், சிங்கப்பூரில் இருக்கும் மகள் பணம் அனுப்பி உள்ளூர்க் கடையிலேயே ஒரு கடிகாரம் வாங்கச் சொன்னார். கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. “நீங்க உக்காருங்க அங்கிள், நானே எல்லாம் செட் பண்ணித் தர்றேன்” என்றார். பெரியவருக்கு மின்னஞ்சல் இல்லை என்றதும் அங்கேயே ஒன்றை உருவாக்கினார். சரிபார்ப்பு எண் வருவதற்குத் தன் கைபேசி எண்ணையே கொடுத்தார். “ஏதாவது நாலு நம்பர் சொல்லுங்க” என்று கேட்டார். பெரியவர் சொன்னார். அதோடு அந்த எண்ணை மறந்தார்.

மறந்தது இரண்டு ஆண்டுக்குத் தெரியவே இல்லை. கைபேசியைத் திறந்தால் கையில் கட்டியிருக்கும் கடிகாரமும் தானே திறந்துகொள்ளும்படி அந்தத் தம்பி வைத்திருந்தார். குளித்துவிட்டு வந்து கட்டுவார், கைபேசியைத் திறப்பார், கடிகாரமும் திறந்துவிடும். நான்கு இலக்கத்துக்கு வேலையே வரவில்லை. ஒருநாள் கைபேசி மாடிப்படியில் விழுந்து உயிரை விட்டது. புதுக் கைபேசி வந்தது. கடிகாரமோ பழைய கைபேசியை நினைத்துக்கொண்டு, எண்ணைச் சொல் என்று உட்கார்ந்துவிட்டது.

பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு, கதவு எண், பழைய ஸ்கூட்டரின் பதிவு எண் என்று வீடே கூடி யோசித்தது. ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் காத்திருக்கச் சொல்லும் நேரம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் பழுதுபார்ப்புக் கடை. கடைக்காரர் கடிகாரத்தைச் சார்ஜர் வில்லையின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, மூன்று நிமிடத்தில் துடைத்துக் கொடுத்தார். காசுகூட வாங்கவில்லை. “இது பெரிய விஷயமில்லை சார். இனிமேதான் இருக்கு” என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. புதிதாக இணைக்கப் போனால் பழைய மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும் என்றது. சரிபார்ப்பு எண் போய்ச் சேரும் கைபேசி எண் அந்தத் தம்பியுடையது. கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. வாங்கியதற்கு ஆதாரம் காட்டலாமே என்று பீரோவில் இருந்த பில்லை எடுத்தார்கள். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். இரண்டு கோடையில் எழுத்து முழுக்கப் போய் வெள்ளையாக இருந்தது. அதன் பின்புறம் அந்தத் தம்பி பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கடவுச்சொல்லை எழுதவில்லை.

அந்தக் கடிகாரம் இன்றும் அதே பீரோவில் இருக்கிறது. இதில் திருடர் யாரும் இல்லை, ஏமாற்றியவரும் இல்லை. எல்லோரும் நல்லது செய்யவே நினைத்தார்கள். அப்படியிருந்தும் ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளுக்கு அந்நியரானார். இது மறதியால் மட்டும் வந்த வினை அன்று. கடிகாரம் விற்கப்படும் விதத்திலும் அமைக்கப்பட்ட விதத்திலும் இருக்கும் ஓட்டைகளால் வந்தது. அந்த ஓட்டைகளை அடைக்கவே இந்தச் சாசனம்.

நாங்கள் கேட்காதது எது

முதலில் இதைத் தெளிவாக்கிவிடுகிறோம். எல்லாப் பூட்டையும் திறக்கும் பொதுச்சாவியை நாங்கள் கேட்கவில்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டால் எண்ணைச் சொல்லிவிடும் வசதியும் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. இன்றைய கடிகாரத்துக்குள் இருப்பது நேரம் மட்டும் அன்று. இதயத்துடிப்பு, தூக்கம், போன இடங்கள், வந்த செய்திகள், சிலருக்கு வங்கி அட்டையும் இருக்கும். நான்கு இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் மொத்தம் 10,000. ஐந்து நொடிக்கு ஒன்று என்று தட்டினால்கூடப் பதினான்கு மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும். அதனால்தான் தவறான எண்ணுக்குப் பிறகு காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆப்பிள் வாட்ச்சில் பத்து முறை தவறினால் எல்லாம் அழிந்துபோகும்படி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. இவை நமக்கு எதிரான ஏற்பாடுகள் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதுகாப்பாகச் செய்யப்பட்ட கடிகாரத்தில் கடவு எண் நிறுவனத்தின் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. அந்த எண்ணையும் சிப்புக்குள் பதிந்திருக்கும் தனி அடையாளத்தையும் சேர்த்துத்தான் உள்ளிருக்கும் தகவல் பூட்டப்படுகிறது. எனவே “எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் சொல்ல அவர்களிடமும் எண் இல்லை. அழித்துவிட்டுத் தொடங்குவதே நேர்மையான வழி. அதை நாங்கள் ஏற்கிறோம். அழிப்பதற்கு முன்னும் பின்னும் உரிமையாளர் படும் பாட்டைத்தான் எதிர்க்கிறோம்.

இன்றைய நிலை

ஆப்பிள் வாட்ச் என்றால், கடிகாரத்தைச் சார்ஜரில் வைத்து, அணைக்கும் திரை வரும்வரை பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ள வட்டத் திருகை அழுத்திப் பிடித்தால் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வு தோன்றும். இணைந்த ஐபோன் கைவசம் இருந்தால் அதிலிருந்தே அழிக்கலாம். சாம்சங் கேலக்ஸி வாட்ச்சில் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, மறுதொடக்கச் செய்தி வந்ததும் மேல் பொத்தானைப் படபடவென்று தட்டி, ரெக்கவரி பட்டியலுக்குள் போக வேண்டும். கார்மின் கடிகாரத்தில் பணம் செலுத்தும் பகுதிக்குத் தனி எண். மூன்று முறை தவறினால் அந்தப் பகுதி பூட்டிக்கொள்ளும், கைபேசிச் செயலியில் போய்ப் புது எண் வைக்க வேண்டும். விலை குறைந்த கடிகாரங்கள் பலவற்றில் ரீசெட் வழி என்ன என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

அழிப்பது முதல் பூட்டைத்தான் நீக்கும். இரண்டாவது பூட்டு கணக்குப் பூட்டு. ஆப்பிள் வாட்ச்சுக்கு 2015-இல் வாட்ச்ஓஎஸ் 2 இயங்குதளம் வழியாக ஆக்டிவேஷன் லாக் என்ற பெயரில் அது வந்தது. துடைத்த கடிகாரத்தை மறுபடி இணைக்க, முன்பு இணைத்திருந்த கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். பிடுங்கிக்கொண்டு ஓடுபவனுக்குக் கடிகாரம் பயன்படாமல் போகச் செய்தது இந்த ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது என்ற கேள்வி நம் ஊரில் அவ்வளவு எளிதன்று. கடைக்காரர் உருவாக்கியது, மகன் உருவாக்கியது, பழைய அலுவலக மின்னஞ்சல், மறைந்த கணவரின் கணக்கு என்று ஆளுக்கொரு கதை இருக்கிறது. கடிகாரத்துக்கு இந்தக் கதைகள் எதுவும் தெரியாது.

கோரிக்கைகள்

பகுதி அ: தயாரிப்பாளர்களிடம்

1. பூட்டும்போதே சொல்லுங்கள். கடவு எண் வைக்கும் திரைக்கு அடுத்த திரையிலேயே மூன்று செய்திகள் வர வேண்டும்: எண் மறந்தால் கடிகாரத்தை அழிக்க நேரும்; காப்பு நகலிலிருந்து எதெல்லாம் திரும்ப வரும்; எதெல்லாம் வராது. ஆப்பிள் வாட்ச்சின் காப்பு நகலில் வங்கி அட்டை, கடவு எண், புளூடூத் இணைப்புகள் ஆகியவை இடம்பெறுவதில்லை. இதை அழித்த பிறகு கண்டுபிடிப்பதைவிட வாங்கிய அன்றே அறிந்துகொள்வது மேல். இந்த மூன்று செய்தியும் தமிழிலும் வேண்டும். பெட்டிக்குள் பதினெட்டு மொழியில் உத்தரவாத நிபந்தனை அச்சிட இடம் இருந்தால், ரீசெட் செய்யும் முறையைத் தமிழில் ஐந்து வரியில் அச்சிடவும் இடம் இருக்கும்.

2. மறக்கவிடாதீர்கள். கடவு எண்ணைப் பயனர் மறப்பதற்கு முக்கியக் காரணம், அதைத் தட்ட வேண்டிய தேவையே வராமல் போவது. கையில் கட்டியதும் ஒருமுறை திறந்தால் கழற்றும்வரை பூட்டாது. கைபேசி திறந்தால் அதுவும் திறக்கும். வசதி நல்லதுதான், ஆனால் கை பழகாத எண் மனத்திலும் நிற்காது. எனவே மாதம் ஒருமுறை, கைபேசி பக்கத்தில் இருக்கும் சாதாரண நேரத்தில், கடிகாரம் எண்ணைக் கேட்கட்டும். நினைவில்லை என்றால் பதற வேண்டிய அவசியமில்லாத நேரத்திலேயே அது தெரிந்துவிடும்.

3. திறக்க முடிந்த கைபேசியால் எண்ணை மாற்றவும் வழி செய்யுங்கள். ஐபோன் திறந்தால் கையில் உள்ள ஆப்பிள் வாட்ச்சும் திறக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. அதாவது உரிமையாளரின் கைபேசியை நம்பலாம் என்று கடிகாரம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால், கைபேசியும் திறந்து, கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுத்து, கடிகாரமும் கையில் கட்டப்பட்டிருக்கும்போது, பழைய எண் தெரியாமலே புது எண் வைக்க அனுமதிக்கலாமே? மூன்று சான்றும் ஒரே நேரத்தில் திருடனிடம் சேர்வது அரிது. இதை விரும்பாதவர்கள் அணைத்து வைத்துக்கொள்ளத் தனித் தேர்வும் தரலாம்.

4. அழிப்பதற்கு முன் கடைசிக் காப்பு நகலின் தேதியைக் காட்டுங்கள். “அழிக்கவா?” என்று கேட்கும் திரையில், கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்கு நகல் எடுக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். சார்ஜரில் இருக்கும் இரவில் தானாக நகல் எடுக்கப்பட வேண்டும். 2023-இல் வந்த வேர் ஓஎஸ் 4 இயங்குதளம்தான் அதில் ஓடும் கடிகாரங்களுக்குக் காப்பு நகலையும், ரீசெட் செய்யாமலே புதுக் கைபேசிக்கு மாறும் வசதியையும் கொண்டுவந்தது. அதற்கு முன் கைபேசி மாற்றியவர்கள் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் துடைத்தார்கள். விலை குறைந்த கடிகாரம் செய்வோரும் இந்த வசதியைக் கொடுக்க வேண்டும். ஏழை வீட்டு நடைப்பயிற்சிக் கணக்குக்கும் மதிப்புண்டு.

5. மூன்றாவது தவறிலேயே வழி காட்டுங்கள். தவறான எண்ணை மூன்று முறை தட்டினால், “மறந்துவிட்டதா? சார்ஜரில் வைத்து இந்தப் பொத்தானை அழுத்துங்கள்” என்று படத்தோடு ஒரு திரை வர வேண்டும். எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்துவது என்பதை ஊர் ஊராய் விசாரிக்க வேண்டிய நிலை எதற்கு? இந்த வழி திருடனுக்கும் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியட்டும். அழித்தால் தகவல் போய்விடும், கணக்குப் பூட்டு அவனைத் தடுக்கும். மறைத்து வைப்பதால் தவிப்பவர் உரிமையாளர் மட்டுமே.

6. பூட்டிய கடிகாரமும் உயிர் காக்கட்டும். அவசர அழைப்பும், இரத்த வகை, ஒவ்வாமை, உண்ணும் மருந்து ஆகியவை அடங்கிய மருத்துவக் குறிப்பும் பூட்டைத் திறக்காமலே கிடைக்க வேண்டும். முன்னணிக் கடிகாரங்களில் இது உண்டு. எல்லாக் கடிகாரங்களிலும் இருக்க வேண்டும் என்கிறோம். தவறான எண்ணுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் இவை நிற்கக் கூடாது. நெஞ்சுவலி காத்திருப்பு நேரம் முடியும்வரை பொறுத்திருக்காது.

7. கணக்குப் பூட்டை நீக்க மனிதர் ஒருவர் பதில் சொல்லட்டும். வாங்கிய ஆதாரத்தைக் காட்டினால் ஆக்டிவேஷன் லாக்கை நீக்கும்படி ஆப்பிளிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எல்லா நிறுவனங்களிலும் அப்படியொரு வழி வேண்டும், அது இலவசமாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பித்த 15 நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பில் வெளுத்துப்போயிருந்தால் வங்கிக் கணக்கு விவரம், பெட்டியில் ஒட்டிய வரிசை எண், கடையின் ஜிஎஸ்டி ரசீது நகல் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டை ஏற்க வேண்டும். ஏற்கெனவே திருட்டுப் புகார் உள்ள கடிகாரமா என்று அவர்கள் சரிபார்க்கட்டும், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. “கணக்கு உங்களுடையது இல்லை” என்ற ஒற்றை வரியோடு கதவைச் சாத்துவதை மட்டும் ஏற்க மாட்டோம்.

8. வங்கியில் இருப்பதுபோல் நியமனதாரர் வேண்டும். மறைந்தவரின் கடிகாரத்தை வீட்டில் யாருக்கும் தூக்கிப்போட மனம் வராது. அவர் கடைசியாக நடந்த தூரம் அதில் இருக்கிறது. ஆப்பிள் 2021 டிசம்பரில் மரபுத் தொடர்பாளர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது; முன்கூட்டியே நியமிக்கப்பட்டவர் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். எல்லா நிறுவனங்களும் கடிகாரத்தை அமைக்கும்போதே ஒருவரின் பெயரைக் கேட்டுப் பதிய வேண்டும். இறப்புக்கு மட்டுமல்ல, நினைவாற்றல் குன்றிய நோயாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

பகுதி ஆ: கடைகளிடம்

9. வாடிக்கையாளர் பெயரில் நீங்கள் கணக்குத் திறக்காதீர்கள். கணக்கு வாங்குபவரின் கைபேசி எண்ணில், அவரோ அவர் வீட்டாரோ பார்த்திருக்க, அவர் சொல்லும் கடவுச்சொல்லோடு உருவாக வேண்டும். கூட்டம் இருக்கிறது, நேரமில்லை என்றால் அமைக்காமலே கொடுத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் செய்துகொள்வார்கள். உதவியே ஆக வேண்டும் என்றால் மின்னஞ்சல் முகவரி, மீட்பு எண், கடிகாரத்தின் வரிசை எண் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல்லையும் கடவு எண்ணையும் வாடிக்கையாளரே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும். உங்கள் கைபேசி எண் அவருடைய கடிகாரத்தில் இருக்கவே கூடாது. பாதிப் பிரச்சினை இந்த ஒரு பழக்கத்தாலேயே தீரும்.

10. வெளுக்காத பில் கொடுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தந்த பில் ஒரே கோடையில் வெளுத்துப்போனால் அது தராததற்குச் சமம்தான். கடிகாரத்தின் வரிசை எண் அச்சிட்ட பில்லை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப வேண்டும். கணக்குப் பூட்டைத் திறக்கும் சாவி சில நேரம் அந்தப் பில்தான்.

11. பழைய கடிகாரம் விற்கும் கடைகள், வாங்குபவர் கண்ணெதிரே கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது நீக்கப்பட்டதை உறுதிசெய்த பிறகே பணம் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் நின்று பேரம் பேசி வாங்கிப் போய், வீட்டில் இணைக்கும்போது வேறொருவரின் மின்னஞ்சலைக் கேட்கும் கடிகாரம் எங்களில் சிலரிடம் இருக்கிறது. “கணக்குப் பூட்டைக் காசுக்கு உடைத்துத் தருகிறோம்” என்ற விளம்பரத்தையும் நிறுத்துங்கள். காணாமல் போன கடிகாரத்தின் சொந்தக்காரருக்குப் போலிச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிப்பதும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது.

பகுதி இ: அரசிடம்

12. பழுதுபார்க்கும் உரிமையில் கடிகாரத்தைச் சேருங்கள். 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசியும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் முன்வைக்கப்பட்டன. உடலில் அணியும் கருவிகளையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் ரீசெட் முறை, கணக்குப் பூட்டை நீக்க விண்ணப்பிக்கும் முகவரி, பதில் வரும் கால அளவு மூன்றையும் அந்தத் தளத்தில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வெளியிடச் செய்ய வேண்டும்.

13. வாங்கும் முன் சரிபார்க்க வழி வேண்டும். பழைய கைபேசி வாங்குபவர் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி நிலவரம் அறியலாம். சிம் இல்லாத கடிகாரத்துக்கு ஐஎம்இஐ கிடையாது, வரிசை எண் மட்டும்தான். வரிசை எண்ணைக் கொடுத்துக் கணக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்க்கும் பக்கத்தை ஆப்பிள் ஒரு காலத்தில் பொதுவில் வைத்திருந்தது. 2017 ஜனவரியில் எடுத்துவிட்டது. உரிமையாளரின் பெயரோ முகவரியோ வேண்டாம். “பூட்டு உண்டு” அல்லது “இல்லை” என்ற ஒரு சொல் போதும். அதை நிறுவனங்கள் தரும்படி அரசு செய்ய வேண்டும்.

14. உடல் தகவல் உடலுக்குரியவருக்கே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தோடு இணைந்த கருவி உருவாக்கும் தகவலைப் பயன்படுத்துபவர் பெற்றுக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவுமான உரிமைகளை வகுத்திருக்கிறது. இறப்புக்கும் இயலாமைக்கும் ஒருவரை நியமிக்கும் உரிமையும் அதன் 14-ஆம் பிரிவில் இருக்கிறது. நம் தகவலை எடுத்துக்கொண்டு வேறு கருவிக்குப் போகும் உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும். கடிகாரத்தைத் துடைக்கும் நாளில் ஐந்து ஆண்டு இதயத்துடிப்புக் கணக்கு நம் கையில் இருக்கிறது என்றால், துடைக்கக் கை நடுங்காது.

15. பூட்டிய கடிகாரம் குப்பையாகக் கூடாது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே. ஓடக்கூடிய நிலையில் இருக்கும் கடிகாரம் நான்கு இலக்கத்துக்காகவும் பழைய மின்னஞ்சலுக்காகவும் அந்தக் குவியலில் சேர்வது வீண். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் தயாரிப்பாளர்கள், திரும்பி வரும் கடிகாரத்தை உடைக்கும் முன் உரிமை சரிபார்த்துப் பூட்டு நீக்கி மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கீழ்க்கண்டவற்றைச் செய்வதாக எங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கிறோம்.

கடிகாரம் வாங்கிய அன்றே பில்லைப் படம் எடுத்து வைப்போம். பெட்டியில் உள்ள வரிசை எண்ணையும் சேர்த்து எடுப்போம். கடவு எண்ணைப் பெட்டியின் மேலோ கைபேசி உறைக்குள்ளோ எழுத மாட்டோம். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை இருக்கும் உறையில் ஒரு தாளில் எழுதி வைப்போம். 1234, 0000, பிறந்த ஆண்டு ஆகியவற்றை வைக்க மாட்டோம். பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கும்போது கணக்கை அவர்கள் பெயரிலேயே திறந்து, மீட்பு எண்ணாக வீட்டில் இருவரின் கைபேசி எண்ணைச் சேர்ப்போம். விற்கும் முன்பும் யாருக்காவது கொடுக்கும் முன்பும் கடிகாரத்தை நம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே கொடுப்போம். கணக்குப் பூட்டு நீங்காத கடிகாரத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க மாட்டோம். ஓடிபி கேட்கும் யாருக்கும், அது “சர்வீஸ் சென்டர்” என்று சொல்லிக்கொண்டாலும், சொல்ல மாட்டோம்.

உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் கடை எங்கிருந்தாலும், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. எந்தக் கடிகாரமும் அந்த வரம்புக்குள் அடங்கும் என்றே நம்புகிறோம்.

நிறைவாக

இந்தப் பதினைந்து கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு திரை, ஒரு தாள், வெளுக்காத ஒரு பில், பதில் சொல்ல ஒரு மனிதர், இவை போதும். சட்டம் மாற வேண்டியவை சில. அவற்றுக்குக் காலம் ஆகலாம், காத்திருப்போம். கடை மேசையில் மாற வேண்டியவை நாளையே மாறலாம். இந்தச் சாசனத்தின் படிகளை ஒவ்வொரு மாவட்டத்திலும் கைபேசிக் கடைகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். 9, 10 ஆகிய இரண்டு கோரிக்கைகளை ஏற்று எழுதிக் கொடுக்கும் கடையில் அடுத்த கடிகாரம் வாங்குவோம்.

உறையூர்ப் பெரியவர் இப்போது தன் பழைய ஜனதாவைக் கட்டியிருக்கிறார். காலையில் காபிக்கு முன் சாவி கொடுக்கிறார். அவர் மகளுக்கு அப்பாவின் இதயத்துடிப்பு தெரிவதில்லை. தினமும் போன் செய்து கேட்கிறார். வெள்ளையாகிப்போன அந்தப் பில்லைப் பெரியவர் இன்னும் தூக்கிப்போடவில்லை. இந்தச் சாசனத்தின் முதல் கையெழுத்து அவருடையது. போடும்போது கேட்டார்: “தேதி போடணுமா தம்பி? பேனாவுலயே போடுறேன், அழியாது.”

இப்படிக்கு,
கடவு எண் மறந்தவர்கள், மறக்கப்போகிறவர்கள், அவர்களுக்குப் பதில் சொல்லும் பழுதுபார்ப்போர்